நீலம் மாறாத தண்ணீர்

வகுப்பில் முதலில் ஊதாவாக மாறியது சுமாலி டீச்சர் வீட்டுத் தண்ணீர்தான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டு ஜாடியில் பிடித்துவைத்துக் குடிக்கிற மழைத் தண்ணீரை ஆளுக்கொரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். மேசைமேல் கண்ணாடி டம்ளர்கள், பக்கத்தில் ஒரு குவளையில் சங்குப்பூவை வெந்நீரில் ஊறப்போட்டு இறுத்த நீலச் சாறு. எலுமிச்சையில் விட்டால் அந்தச் சாறு இளஞ்சிவப்பாகும். சோப்புத் தண்ணீரில் விட்டால் பச்சையாகும். மழைத் தண்ணீரில் விட்டால் நீலமாகவே நிற்கும். வேலைக்கு வந்த நாள்முதல் வருடா வருடம் அவள் செய்து காட்டுகிற பாடம் இது. மழைத் தண்ணீர் ஒருமுறைகூட அவளை ஏமாற்றியதில்லை.

"டீச்சர் வீட்டு ஜாடியில யாரோ புளியைக் கரைச்சிட்டாங்கடா!" என்றான் கோப்.

"புளியில்லடா, பூனை வேலை," என்றாள் தெங்மோ. "டீச்சர், உங்க ஜாடிக்கு மூடி இருக்கா இல்லியா?"

வகுப்பே சிரித்தது. சுமாலியும் சிரித்தாள். டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று சொல்லி வேறு டம்ளர் எடுத்தாள். மறுபடியும் ஊதா. தெங்மோ வீட்டுத் தண்ணீரும் ஊதா. கோப் வீட்டுத் தண்ணீர் நீலம். இப்படியே ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. டிராகன் படம் போட்ட, பளபளப்புப் பூச்சு உள்ள மண்ஜாடிகளில் மழைநீர் பிடிக்கிற வீட்டுத் தண்ணீரெல்லாம் நிறம் மாறியது. பெரிய சிமெண்ட் ஜாடி வைத்திருக்கிற வீட்டுத் தண்ணீரெல்லாம் நீலமாகவே இருந்தது.

"அப்போ எங்க வீட்டுத் தண்ணி நல்லதா டீச்சர்?"

"நீலமா இருந்தா நல்லது," என்றாள் சுமாலி.

அவள் சொன்னது அவ்வளவுதான். அந்த ஊரில் டீச்சர் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் எல்லா அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

சுமாலி கடலோர உப்பளத்து ஊரில் பிறந்தவள். அங்கே கிணறு தோண்டினால் உப்புநீர்தான் வரும். மழைக்காலத்தில் பிடித்து வைத்த தண்ணீர்தான் வருடம் முழுக்கக் குடிக்க. அதனால் அவளைக் கட்டிக்கொடுக்கும்போது அவளுடைய அப்பா தங்கத்தில் குறைத்தாலும் ஜாடியில் குறைக்கவில்லை. ஜாடிக்குப் பேர்போன ராட்சபுரியிலிருந்து ஆளுயர டிராகன் ஜாடியொன்றை வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றி, கூடவே உட்கார்ந்து வந்து, மருமகன் வீட்டுக் கூரைவிளிம்பின் கீழ் இறக்கிவிட்டுத்தான் போனார். முதல் மழையைக் கீழே விட்டுவிட வேண்டும், கூரை கழுவிப்போன பிறகுதான் குழாயை ஜாடிக்குத் திருப்ப வேண்டும். இதெல்லாம் சுமாலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் குளிக்கவும் கழுவவும். கடை பாட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை. பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் வானத்துத் தண்ணீர்தான்.

பிள்ளை பிறந்ததே தாமதமாகத்தான். இரண்டு கரு தங்காமல் போய், இனி இல்லை என்று சுமாலி தன் மனதை ஒருவழியாகப் பழக்கிக்கொண்ட பிறகு வந்தவள். வயிறு நிறைந்தவள் என்று பொருள்படும்படி இம் என்று கூப்பிட்டார்கள். பெயருக்கேற்றபடி மூன்று வயதுவரை கொழுகொழுவென்றுதான் இருந்தாள். வீட்டெதிரில் போகிற வண்டிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஐஸ் வண்டிக்காரர் அவளுக்காகவே மணி அடித்துவிட்டுப் போவார்.

இம் பிறந்த வருடம்தான் பழைய அரிசி ஆலை இருந்த இடத்தில் தகரச் சுவர் வைத்த கொட்டகை எழும்பியது. உள்ளே பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆலை மூடியதில் வேலை போன சம்ரானுக்கு, அதாவது சுமாலியின் கணவனுக்கு, அங்கேயே வாசல் காவல் வேலை கிடைத்தது. புகை அந்தப் பக்கம் வந்தால் பள்ளிக்கூடத்தில் மேற்குச் சன்னல்களைச் சாத்திவிடுவார்கள். காசை நக்கினதுபோல ஒரு ருசி தொண்டையில் நிற்கும். அதற்கும் பழகிவிட்டார்கள். போன மழைக்காலத்துக்கு முன்புதான் அங்கே அடுப்புகளை இரண்டு மடங்காக்கியிருந்தார்கள்.

தண்ணீர் ஊதாவான அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சுமாலி வேறு வேலை பார்க்கவில்லை. சாட்சிக்கு ஒரு பாட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, டிராகன் ஜாடியில் இருந்த மொத்தத்தையும் மொண்டு மொண்டு வாழைக்கு ஊற்றினாள்.

"பாவம், அந்த ஜாடி உனக்கு என்ன பண்ணிச்சு?" என்றான் சம்ரான்.

"ஜாடி ஒண்ணும் பண்ணல. உங்க கொட்டகைப் புகைதான் பண்ணிருக்கு. மழையோட சேர்ந்து புளிச்சுப் போயிருக்கு தண்ணி."

"என் கொட்டகையா? நான் கேட்டைத் திறந்து மூடறவன் சுமா. முதலாளிகிட்டப் போய் புகையை மூடுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லித்தான் பாருங்களேன்."

அவன் சட்டையை உதறி ஆணியில் மாட்டினான். சாம்பல்நிறப் பொடி வெயிலில் மிதந்து இறங்கியது. அதைப் பார்க்கிற அளவுக்கு அப்போது யாருக்கும் பயம் வந்திருக்கவில்லை.

பக்கத்து வீடு சம்ரானுடைய அக்கா லம்யாயுடையது. புருஷன் இல்லை, வாய் உண்டு. காலையில் பஸ் நிற்கிற இடத்தில் பன்றி இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்றுவிட்டு, பகலெல்லாம் இம்மைப் பார்த்துக்கொள்வாள். அவள் வீட்டுப் பின்பக்கம் சிமெண்ட் ஜாடிகள் நின்றன. சுமாலி சங்குப்பூச் சாற்றை எடுத்துப்போய் அங்கேயே சோதித்துப் பார்த்தாள். நீலம்.

"பார்த்தியா? டிராகன், பூ, பளபளப்புன்னு நீங்கள்லாம் என்னா ஆட்டம் போட்டீங்க. என் மொட்டை ஜாடிதான் கடைசியில கைகொடுக்குது. வா, எவ்வளவு வேணாலும் மொண்டுக்கோ. தம்பி பொண்டாட்டிகிட்டக் காசா கேட்கப்போறேன்?"

"பிள்ளைக்கு மட்டும் போதும்க்கா."

"நீ குடிக்காம வத்திப்போனா என் தம்பி யாருகிட்டத் திட்டு வாங்குவான்? எல்லாருக்கும் எடு."

ஒரே வானம், ஒரே மழை, பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரித் தகரக் கூரை. அப்படியிருக்க ஒரு ஜாடியில் ஊதா, இன்னொன்றில் நீலம் ஏன் என்று சுமாலி கேட்டிருக்க வேண்டும். படித்தவள். கேட்கவில்லை. பயந்திருக்கிற நேரத்தில் ஒரு நல்ல பதில் கையில் கிடைத்தால் அதைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் மனசு வராது. தெங்மோ வீட்டிலும் கோப் வீட்டிலிருந்து தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். மண்ஜாடி வீடுகள் ஒவ்வொன்றாகச் சிமெண்ட் ஜாடி வீடுகளுக்குக் குடத்தோடு நடந்தன.

இம் இளைக்கத் தொடங்கியது அதற்கு முன்பே இருக்கலாம். பெற்றவளுக்கு அது கண்ணில் பட்டது அதன் பிறகுதான். கஞ்சியில் முட்டையை உடைத்து விட்டுக் கொடுத்தால் இரண்டு வாய் வாங்கிவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்வாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வெளிக்குப் போவது நின்று நின்று, போனால் ஆட்டுப் புழுக்கைபோல. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. தூக்கத்தில் அல்ல, விழித்திருக்கும்போதே கண் எங்கோ நிலைத்து நிற்கும்.

சுகாதார நிலையத்து நர்ஸ் பூச்சி மருந்தும் மலமிளக்கியும் கொடுத்தாள்.

"இந்த வயசுல எந்தப் பிள்ளை டீச்சர் ஒழுங்கா சாப்பிடுது? எங்க வீட்டிலயும் இதே கூத்துதான்."

லம்யாய் பிக்குவிடம் போய் மந்திரித்த வெள்ளை நூல் வாங்கிவந்து இம்மின் மணிக்கட்டில் கட்டினாள். பிள்ளையின் உடம்பைக் காக்கிற ஆவி, உயிர்க்காவல், எங்கோ பயந்து ஓடியிருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வரும் என்று கூப்பிட்டும் பார்த்தாள். நூல் மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்கியது. இம்முக்கு அத்தை என்று சொல்லத் தெரியும். இப்போது 'அ' என்பதோடு நின்றுவிட்டது. வண்டிகள் போனால் விரல் மட்டும் நீண்டது. ஐஸ் வண்டி மணிக்கு விரல்கூட நீளவில்லை.

சுமாலி பாத்திரம் தவறாமல் கழுவினாள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். பிள்ளை தேறவில்லை என்றதும் இன்னும் அதிக நேரம் கொதிக்க வைத்தாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறையும். அதில் கலந்திருப்பது குறையாது. கிருமிக்குப் பயந்து செய்கிற காரியம் எல்லாவற்றுக்கும் உதவாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல, அப்போது நினைவில் இல்லை.

அந்தப் பாடத்தை ஐந்தாம் வகுப்புக்கும் எடுக்கவேண்டி வந்தது. சாட்சிக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்துப்போனாள். ஒரு டம்ளரில் டிராகன் ஜாடித் தண்ணீரை ஊற்றிச் சாறு விட்டாள். அழகான ஊதா. எல்லோரும் பார்க்கட்டும் என்று சன்னல் விளிம்பில் வைத்தாள். அந்நேரம் பார்த்துக் காற்று திரும்பியது.

"டீச்சர், நாத்தம்!"

"சன்னலைச் சாத்துங்கடா."

இரண்டு பிள்ளைகள் ஓடிப்போய்ப் பழைய சன்னல் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினார்கள். சுவர்க்காரை பொலபொலவென்று உதிர்ந்தது. சிமெண்ட் துணுக்குகள் சில டம்ளருக்குள் விழுந்தன.

"அடிச்சு உடைக்கத்தான் சொன்னேனா? இதைக் கீழ ஊத்திட்டு வாங்க," என்று சொல்லி டம்ளரை எடுத்தவள் அப்படியே நின்றாள். காரைத்துண்டு கிடந்த அடிப்பாகத்தில் ஊதா வெளிறி நீலமாகிக்கொண்டிருந்தது. லேசாகச் சுழற்றினாள். டம்ளர் முழுக்க நீலம்.

"அய், டீச்சர் மந்திரம் போட்டுட்டாங்க! தண்ணி நல்லாயிடுச்சு!" என்று ஒரு பெண் கைதட்டினாள்.

சுமாலி காரை உதிர்ந்த சுவரைப் பார்த்தாள். தண்ணீர் நல்லதாகவில்லை. அதே தண்ணீர். அதே புகை விழுந்த, அதே கூரையில் வழிந்த தண்ணீர். சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு புளிப்பைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான். சிமெண்ட் ஜாடியும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. பூ புளிப்பை மட்டும்தான் காட்டும். புகையோடு சேர்ந்து வேறென்ன இறங்கியதோ, பேட்டரிக்குள் என்ன இருக்குமோ, அது கரைந்து கிடந்தாலும் சரி, அடியில் வண்டலாகப் படிந்து கிடந்தாலும் சரி, பூவுக்குத் தெரியாது. மழை நின்று மாதக்கணக்காகிவிட்டது. லம்யாய் வீட்டு ஜாடியில் இப்போது அகப்பை தரை தட்டுகிறது.

அதைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அதைத்தான் ஊர் முழுக்கக் குடிக்கச் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். லம்யாய் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தரையில் சப்பணமிட்டு, இம்மை மடியில் சாய்த்து, அலுமினியக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, குடுக்காதீங்க!"

லம்யாய் திடுக்கிட்டதில் தண்ணீர் பிள்ளையின் மார்பில் சிந்தியது. "ஏன் இப்படிக் கத்தறே? பிள்ளை பயந்துடுச்சு பாரு!"

பிள்ளை பயப்படவில்லை. கத்தலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுமாலி பிள்ளையைப் பிடுங்கி, வாயை விரலால் துடைத்தாள்.

"இந்தத் தண்ணி வேணாம்க்கா. இனிமே ஒரு சொட்டு வேணாம்."

"நேத்து வரைக்கும் நல்ல தண்ணி. இன்னிக்கு என்ன ஆச்சு?"

"நேத்தும் நல்ல தண்ணி இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

லம்யாயின் முகம் கறுத்தது. "அப்போ இத்தனை நாளா நான் என் தம்பி பிள்ளைக்கு விஷத்தை ஊட்டியிருக்கேங்கிறியா? இந்தக் கையால?"

"உங்களைச் சொல்லலக்கா."

"வேற யாரைச் சொல்றே? ஜாடி என்னுது. கிண்ணம் என்னுது. நானும் இதைத்தானே குடிக்கிறேன்? எனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வீம்பாக வாயருகே தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்றது. கிண்ணத்தின் அடியில் சாம்பல்நிறமாக ஒரு கீற்று. அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், உடைந்துவிடும் பொருளை வைப்பதுபோல.

"தம்பிக்குப் போன் பண்ணு," என்றாள் குரல் இறங்கி.

சம்ரான் வேலை உடுப்போடு வாடகைக்கு ஒரு பிக்-அப் வண்டி பிடித்துக்கொண்டு வந்தான். பிள்ளையை வாங்கக் கைநீட்டினான். சுமாலி அவன் சட்டையைப் பார்த்தாள். தோளில், மடிப்பில், பையோரத்தில் எல்லாம் அந்தப் பொடி.

"முதல்ல கழட்டுங்க அதை."

"என்ன சுமா?"

"கழட்டிட்டுத் தொடுங்க."

அவன் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டான். லம்யாய் தன் செத்துப்போன புருஷனுடைய பழைய பனியனொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சுமாலி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் செய்தாள். எந்த ஜாடித் தண்ணீரும் வேண்டாம், கடையில் வாங்குங்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய் ரத்தம் பாருங்கள் என்றாள். சிலர் சரி டீச்சர் என்றார்கள். கோப்பின் அப்பா, கொட்டகையில் அடுப்பு வேலை பார்ப்பவர், சரி என்று சொல்லவில்லை.

"நீலமா இருந்தா நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்? எங்க வீட்டுத் தண்ணியைப் பாதி ஊரு வந்து மொண்டுட்டுப் போச்சு. இப்போ அதுவும் விஷமா? நாளைக்கு என்ன சொல்லுவீங்க, சோறு விஷமா?"

"நான் சொன்னது தப்புங்க. கோப்புக்கு வயித்துவலி இருக்கான்னு மட்டும் கேட்டுப் பாருங்க."

அந்தப் பக்கம் போன் துண்டானது. இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று சுமாலி புரிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தும்போது இம் அழவில்லை. அழாத பிள்ளையைப் பார்த்து அங்கிருந்த இளம் டாக்டர் கேள்விகளை நிறுத்திவிட்டு வேகவேகமாக எழுதத் தொடங்கினார். முடிவு வந்தபோது அவர் உட்கார்ந்து பேசினார். உட்கார்ந்து பேசுகிற டாக்டர் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை.

"ரத்தத்துல ஈயம் ரொம்ப இருக்கும்மா. இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சுடறோம்."

"பேச்சு போயிட்டிருக்கு டாக்டர். திரும்பி வருமா?"

"கொஞ்சம் வரலாம். எல்லாம் வரும்னு நான் சொல்ல முடியாது. மூளைக்குள்ள போனது எவ்வளவுன்னு ரத்தம் காட்டாது."

"தண்ணியை நிறுத்திட்டோம்."

"தண்ணி மட்டும்னு நினைக்காதீங்க. வீட்டுத் தரை, தலையணை, அப்பா போட்டிருந்த துணி, பிள்ளை வாயில வச்ச கை, எல்லாத்தையும் பார்க்கணும். உங்க மூணு பேருக்கும் ரத்தம் எடுக்கணும்."

சம்ரான் சுவரோரம் பெரிய பனியனில் ஒடுங்கி நின்றான். "நான் வேலையை விட்டுடறேன்," என்றான். யாரும் பாராட்டவில்லை. லம்யாய் கையை நீட்டி முதல் ஆளாக ரத்தம் கொடுத்தாள். ஊசியைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடையில் ஊசி போட்ட இடங்கள் வீங்கிக் கன்றிப்போயின. சுமாலி வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்தாள், மூத்திரம் எவ்வளவு போகிறது என்று அளந்தாள், பால்கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக இறக்கினாள். கைக்கு வேலை இருந்தவரை தாங்க முடிந்தது. ஊரிலிருந்து தெங்மோவையும் அவள் தம்பியையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து வார்டில் படுக்கை. கோப் வரவில்லை. சுமாலி வார்டு வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். அவன் வந்தால் பயம். வராதது அதைவிடப் பயம்.

ஒருநாள் மதியம் இம் தூங்கி எழுந்தாள். உதடு காய்ந்திருந்தது. நாக்கை வெளியே நீட்டி, இழுத்து, முகத்தைச் சுளித்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"தண்ணி."

முழு வார்த்தை. லம்யாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சொல்லிட்டா! சுமா, சொல்லிட்டா பாரு!"

வார்டு நர்ஸ் சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த குளிர்நீர் இயந்திரத்திலிருந்து ஒரு காகிதக் குவளையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சுமாலி வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நிறமில்லை. மணமில்லை. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். ருசியில்லை.

"இது எங்கேருந்து வருது சிஸ்டர்?"

"குழாய்லேருந்துதான். வடிகட்டி வருது."

"எதுல வடிகட்டறீங்க? யாராவது சோதிச்சுப் பார்த்திருக்காங்களா?"

நர்ஸின் சிரிப்பு குறைந்தது. "இந்த ஆஸ்பத்திரியே அதைத்தான் குடிக்குது டீச்சர். நாங்க எல்லாரும் அதைத்தான் குடிக்கிறோம்."

எங்கள் ஊரிலும் எல்லோரும் அதைத்தான் குடித்தோம் என்று சுமாலி சொல்லவில்லை. பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, இந்த முறை அவள் முகத்தைப் பார்த்து, இன்னும் உரக்கக் கேட்டாள்.

"தண்ணி!"

கொடுக்காமல் இருக்க முடியாது. சுமாலி பிள்ளையின் பிடரியைத் தாங்கிப்பிடித்து, குவளையை உதட்டில் வைத்துக் கொஞ்சமாகச் சாய்த்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.